வால்-ஈ ரோபோவைக் காகிதத்தில் கட்டுவது எப்படி? கண்ணிலிருந்து தொடங்குங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: 2008இல் வெளிவந்த பிக்சார் படத்தின் வால்-ஈ ரோபோவைக் காகிதத்தில் செய்ய வேண்டும்; பார்ப்பவர் தகரம் என்று நினைக்கும் அளவுக்கு நுணுக்கமாக இருக்க வேண்டும். வீடு, லாரி போன்ற எளிய மாதிரிகளில் கை பழகிவிட்டது. கிடைத்த வார்ப்புரு ஒன்றை அச்சிட்டு ஒட்டியதில் உடம்பு ஓரளவு வந்தது. ஆனால் சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை நெளிந்துவிட்டது, கண்களில் உயிர் இல்லை. எந்தத் தாள், எந்தப் பசை, எதற்குப் பிறகு எது?

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பாதிச் சிக்கல் வரிசையில்தான் இருக்கிறது. பெரும்பாலோர் பெட்டியான உடம்பை முதலில் முடித்துவிட்டு, கை களைத்தபின் தலைக்கு வருகிறார்கள். இந்த ரோபோவுக்கு அது சரிப்படாது. முதலில் கண்கள், அடுத்து சங்கிலிப் பட்டை, பிறகு கழுத்து, அதற்குப் பிறகே உடம்பு. கண்கள் மனத்துக்குப் பிடித்தபடி அமையும் வரை வேறு எந்தப் பாகத்தையும் வெட்டாதீர்கள்.

காரணம் படத்திலேயே இருக்கிறது. வால்-ஈக்கு வாய் கிடையாது, மூக்கு கிடையாது. முதல் அரைமணி நேரத்தில் வசனமும் ஏறக்குறைய இல்லை. மகிழ்ச்சி, பயம், வெட்கம், துக்கம் எல்லாவற்றையும் இரண்டு கண்களின் சாய்வு மட்டுமே சொல்கிறது. பேஸ்பால் ஆட்டம் பார்க்கப் போன இடத்தில் கையில் கிடைத்த பைனாகுலரைத் திருப்பிப் பிடித்து, மடக்கி மடக்கிப் பார்த்தபோதுதான் இந்த முகம் தோன்றியது என்று இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டாண்டன் சொல்லியிருக்கிறார். வெளி ஓரங்கள் தாழ்ந்தால் சோகம், உள் ஓரங்கள் தாழ்ந்தால் கோபம். அவ்வளவுதான் இந்த முகத்தின் இலக்கணம். கண்களை அசையாமல் ஒட்டிவிட்ட மாதிரி, மற்றது எத்தனை நேர்த்தியாக இருந்தாலும், வால்-ஈயின் கூடாகவே நிற்கும். உங்கள் மாதிரியில் உயிர் இல்லாததற்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

அதற்கு முன், நீங்கள் தேர்ந்தெடுத்த ரோபோ காகிதத்துக்கு எவ்வளவு பொருத்தமானது என்று சொல்லியாக வேண்டும். காகிதம் வளையும், இழுபடாது. வளைப்பதால் மட்டும் ஒரு பரப்பின் உள்ளார்ந்த வளைவு மாறாது என்று 1827இல் ஜெர்மன் கணிதவியலாளர் காஸ் நிறுவினார். தட்டையான தாளிலிருந்து பெட்டி, உருளை, கூம்பு ஆகியவை பிசிறில்லாமல் கிடைக்கும், உருண்டை கிடைக்காது. அதே படத்தின் இன்னொரு ரோபோவான ஈவ், முட்டை வடிவ வழவழப்பு கொண்டது. அதைக் காகிதத்தில் செய்ய வேண்டுமானால் ஆரஞ்சுச் சுளைகளாகப் பிரித்து ஒட்டுவதைத் தவிர வழியில்லை. 1507இல் வரைபடக் கலைஞர் வால்ட்சேமுல்லர் உலக உருண்டைக்கு 12 சுளைகளை அச்சிட்டதும் இந்தக் கட்டாயத்தால்தான். எத்தனை சுளை வைத்தாலும் விளிம்புகள் தெரியும். வால்-ஈயோ தட்டையும் குழாயும் கூம்பும் சேர்ந்த உருவம். குப்பையை அமுக்கிக் கட்டியாக்கும் இயந்திரம் என்பதால் அதன் உடம்பே ஒரு பெட்டி. காகிதத்தால் முடியாததை இந்த ரோபோ ஏறக்குறைய எங்குமே கேட்பதில்லை.

அளவை உயரத்திலிருந்து முடிவு செய்யாமல், இருப்பதிலேயே சிறிய மடிப்பிலிருந்து முடிவு செய்யுங்கள். 200 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 200 கிராம் எடை) தாளின் தடிமன் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். 3 மி.மீட்டருக்குக் குறைந்த அகலமுள்ள பக்கத்தை அதில் நேர்த்தியாக மடிக்க முடியாது, முனை உருண்டுவிடும். படத்தில் உள்ள நுணுக்கங்களில் எவற்றை உண்மையிலேயே மடித்துச் செய்யப்போகிறீர்கள் என்று பட்டியலிட்டு, அவற்றில் மிகச் சிறியது 3 மி.மீட்டருக்குக் கீழே போகாதபடி உருவத்தைப் பெரிதாக்குங்கள். நடைமுறையில் 18 முதல் 22 செ.மீ. உயரம் வசதியானது. அதற்குக் குறைந்தால் சங்கிலிப் பட்டையின் குறுக்குக் கட்டைகள் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சிறிதாகிவிடும். அதற்கு மேல் போனால் கழுத்து தலையைத் தாங்காது.

வார்ப்புருவைப் பற்றி ஒரு சொல். முப்பரிமாண உருவத்தைத் தட்டைத் தாளாக விரித்துத் தரும் மென்பொருள்களில் ஜப்பானின் டாமா சாஃப்ட்வேர் தரும் பெப்பகுரா டிசைனர் புகழ்பெற்றது. இலவச மென்பொருளான பிளெண்டரிலும் இதற்கென்று துணைக்கருவி உண்டு. இரண்டுமே உருளையைச் சின்னச் சின்னப் பட்டைகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மடிப்புக் கோடு போட்டுவிடும். அந்தக் கோடுகளை மடித்தால் குழாய் பல கோணப் பெட்டியாகிவிடும். குழாய், கூம்பு, வட்டு ஆகியவற்றை மென்பொருளிடம் விடாமல் ஸ்கேலும் காம்பஸும் வைத்து நீங்களே வரைந்துகொள்ளுங்கள். உடம்பின் வெளித்தகடுகள், கைகள் போன்ற ஒழுங்கற்ற பாகங்களுக்கு மட்டும் மென்பொருள் போதும். நுணுக்கமான மாதிரியையும் சாதாரண மாதிரியையும் பிரிப்பது பெரும்பாலும் இந்த ஒரு முடிவுதான்.

இப்போது தாள். வெளித்தோலுக்கு 180 முதல் 200 ஜி.எஸ்.எம். மேட் (பளபளப்பில்லாத) தாள். பள்ளிக்கூடச் சார்ட் வேண்டாம். அதன் நார் தளர்வானது, கட்டர் ஓடினால் ஓரம் பஞ்சாகும். உள்சட்டத்துக்குப் புத்தகம் கட்டுபவர்கள் பயன்படுத்தும் ஒன்றரை மி.மீ. பைண்டிங் அட்டை. சிறு குச்சிகளுக்கும் சுழலும் அச்சுகளுக்கும் 80 ஜி.எஸ்.எம். நகல் தாள். இந்த மூன்றும் போதும்.

தாள் வாங்கியதும் பார்க்க வேண்டியது அதன் நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைத்தான். தாளை இரண்டு விதமாகவும் லேசாக வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சுலபமாக வளையும், மறுபக்கம் எதிர்க்கும். சுலபமாக வளையும்போது உண்டாகும் குழாயின் நீளவாக்கில் நார் ஓடுகிறது என்று பொருள். ஏ4 தாளில் பெரும்பாலும் நீண்ட பக்கத்தின் திசையில் ஓடும். விதி எளிது: எதைக் குழாயாகச் சுருட்டுகிறீர்களோ அதன் அச்சும் நாரும் ஒரே திசையில் இருக்க வேண்டும். உங்கள் சங்கிலிப் பட்டை நெளிந்ததற்குப் பதில் இங்கே இருக்கிறது. அச்சிடும்போது இடம் மிச்சப்பட வேண்டுமென்று பட்டையை ஏ4 தாளின் நீண்ட பக்கத்தில் 297 மி.மீட்டருக்கு வரைந்திருப்பார்கள். அப்போது நார் பட்டையின் நீளத்தில் ஓடும். சக்கரத்தைச் சுற்றி வளைய மறுத்து, ஆங்காங்கே ஒடிந்து முறுக்கிக்கொள்ளும். பட்டையைக் குறுகிய பக்கத்தில் வெட்டி இரண்டு துண்டுகளை இணைத்தால் அந்தத் தொல்லை போய்விடும்.

பசைக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையே நல்லது. ஆனால் குழாயிலிருந்து நேராகத் தாளில் பிதுக்காதீர்கள். ஒரு மூடியில் ஊற்றி, பல் குத்தும் குச்சியால் தொட்டு, ஒட்டும் ஓரத்தில் படலமாகத் தேயுங்கள். அதிகப் பசை என்றால் அதிக ஈரம். ஈரம் பட்டால் நார் அகலவாக்கில் உப்பும், காயும்போது தாள் கோணும். மடிப்புக் கோடுகளை மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்டீல் ஸ்கேல் வைத்து அழுத்திக் கீறிக்கொள்ளுங்கள். கத்தியால் கீறினால் நார் அறுந்து, வெளிப்புறம் வெள்ளையாகப் பிளக்கும். வெட்டிய ஓரங்களின் வெண்மையை ஒட்டுவதற்கு முன்பே கலர் பென்சிலாலோ தண்ணீர் கலந்த வண்ணத்தாலோ மூடிவிடுங்கள். ஒட்டியபின் பூசினால் பக்கத்துத் தகட்டில் கறை படியும்.

இனிக் கண்கள். வால்-ஈயின் கண்ணைச் சுத்தமான உருளை என்று நினைத்து வரைந்தவர்கள் நிறையப் பேர். முன்னாலிருந்து பார்த்தால் கண்கூடு வட்டமல்ல. ஒரு பக்கம் அகன்று, ஒரு பக்கம் குறுகி, மூலைகள் மழுங்கிய துளி வடிவம். வட்டம் உள்ளே இருக்கும் வில்லைக்கு (லென்ஸுக்கு)த்தான். இந்தக் கூட்டின் சாய்வான கோடுதான் ரோபோ சும்மா நிற்கும்போதும் அதற்கு ஓர் ஏக்கப் பார்வையைத் தருகிறது. படத்தின் நேர்முகக் காட்சி ஒன்றை நிறுத்தி வைத்து, அந்த உருவரையைக் கையால் நாலைந்து முறை வரைந்து பாருங்கள். கை அதைப் பிடித்துக்கொண்ட பிறகு பைண்டிங் அட்டையில் ஒரு கண்ணுக்கு இரண்டு வீதம் ஒரே அளவில் வெட்டுங்கள். ஒன்று முன்சட்டம், மற்றது பின்சட்டம். முன்சட்டத்தின் நடுவில் வில்லைக்கு வட்டத் துளை.

இரண்டு சட்டங்களையும் சுற்றி வரும் தோல்பட்டையின் நீளத்தைக் கணக்குப் போட்டு எடுக்க முடியாது, வடிவம் ஒழுங்கற்றது. மெல்லிய தாளை ஒரு சுற்று சுற்றி, ஊசியால் குத்தி அடையாளம் வைத்து அளந்துகொள்ளுங்கள். அதனுடன் தோல் தாளின் தடிமனை 3.14ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்; கால் மி.மீ. தாளுக்கு முக்கால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம் வரும். இந்தச் சிறு தொகையைச் சேர்க்காததால்தான் பல மாதிரிகளில் இணைப்பு வாய் பிளந்து நிற்கிறது. இணைப்பு கண்ணின் அடிப்பக்கத்தில் வரட்டும். ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஒட்டாமல், இரண்டு விளிம்புகளையும் முட்டவைத்து உள்ளே ஒரு பட்டைத்தாள் கொடுத்து இணையுங்கள்.

வில்லைக்கு வருவோம். வில்லையை அச்சிட்டு ஒட்டினால் அது படம்; ஆழம் இருந்தால்தான் கண். முன்சட்டத்துக்குப் பின்னால் உள்நோக்கிக் குறுகும் கூம்பு ஒன்று வேண்டும். வெளி வாயின் விட்டம் 24 மி.மீ., உள்வாயின் விட்டம் 12 மி.மீ., ஆழம் 8 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரங்களின் வேறுபாடு 6, ஆழம் 8; சாய்வுநீளம் சரியாக 10. தாளில் வரைய வேண்டியது 20 மி.மீ. ஆரத்தில் ஒரு வில், அதே மையத்தில் 10 மி.மீ. ஆரத்தில் இன்னொரு வில், இடைக்கோணம் 216 பாகை. கருப்புத் தாளிலேயே வெட்டுங்கள்; வெள்ளைத் தாளில் கருப்பு அச்சிட்டால் இணைப்புக் கோடு வெளிறித் தெரியும். கூம்பின் அடியில் கருநீல வட்டு, அதன் மேல் ஒரு மெல்லிய வளையம்.

அந்த 12 மி.மீ. வாயில் கண்ணாடிக்கு என்ன செய்வது என்று பலரும் கேட்பார்கள். ஓ.எச்.பி. ஷீட் எனப்படும் தட்டையான ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை வைக்கலாம், ஆனால் அதைவிடச் சிறந்தது வட்ட மாத்திரைப் பட்டையின் ஒளிபுகும் பிளாஸ்டிக் குமிழ். மாத்திரை தீர்ந்ததும் பின்பக்கத் தகட்டை உரித்து, குமிழை ஓரத்தோடு வெட்டி உள்ளிருந்து பொருத்துங்கள். குவிந்த பரப்பு என்பதால் அறையின் விளக்கு அதில் ஒரு புள்ளியாக விழும். தலையைத் திருப்பினால் அந்தப் புள்ளி நகரும். பார்ப்பவரை அந்த ரோபோ திரும்பிப் பார்ப்பதாகத் தோன்றுவது இதனால்தான். இதற்கு ஈடான பலனை இந்த மாதிரியின் வேறு எந்தப் பாகத்திலும் இவ்வளவு சிறிய உழைப்பில் பெற முடியாது.

கண்கள் சாய, அவை சுழலும் அச்சு ஒன்று வேண்டும். இதில் ஒரு கவனம்: அச்சு முன்பின்னாக ஓட வேண்டும். இடவலமாக வைத்தால் கண்கள் மேலும் கீழும் பார்க்குமே தவிர, ஓரங்கள் தாழ்ந்து உயராது. சோகமும் வராது, கோபமும் வராது. 80 ஜி.எஸ்.எம். தாளில் 70 மி.மீ. நீளத்துண்டைப் பசை தடவி ஊசியைச் சுற்றி இறுக்கமாகச் சுருட்டினால் சுமார் 3 மி.மீ. தடிமனில் ஒரு குச்சி கிடைக்கும். காய்ந்தால் மரக்குச்சிக்குச் சமமான உறுதி. ஒவ்வொரு கண்ணின் பின்சட்டத்திலும் உள் ஓரத்துக்கு அருகே துளையிட்டு, இரண்டு கண்களையும் தாங்கும் நடுத் தாங்கியோடு இந்தக் குச்சியால் கோத்துக்கொள்ளுங்கள். குச்சியின் இரு முனைகளிலும் அட்டை வட்டை ஒட்டுங்கள். துளையில் பசை படவே கூடாது. சாய்த்த இடத்தில் கண் நிற்க உராய்வு தேவை. கண்ணுக்கும் தாங்கிக்கும் இடையே மெல்லிய உப்புத்தாளில் வெட்டிய வட்டு ஒன்றை ஒரு பக்கம் மட்டும் ஒட்டிவைத்தால், விரலால் சாய்க்கலாம், தானாகச் சரியாது.

இந்தக் கண்களை மேசையில் வைத்து வெவ்வேறு சாய்வில் பாருங்கள். இரண்டும் சமமாகத் தாழ்வதைவிட, ஒன்று சற்றே உயர்ந்து நிற்கும்போது முகம் அதிகம் பேசுகிறது என்பதைக் கவனிப்பீர்கள். அந்த இடம் பிடிபட்டதும் சங்கிலிப் பட்டைக்குப் போகலாம்.

பீரங்கி வண்டிகளைக் காகிதத்தில் செய்பவர்கள் போலந்தில் பல தலைமுறைகளாக இருக்கிறார்கள். மாவி மொடெலாஷ் என்ற காகித மாதிரி இதழ் அங்கே 1957 முதல் வருகிறது. அந்த மரபில் சங்கிலியை ஒரே பட்டையாக வரைந்து ஒட்டுவதில் திருப்தியடைய மாட்டார்கள். ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே செய்து கோப்பார்கள். வால்-ஈக்கும் அந்த உழைப்பு தகும். ஆனால் உழைப்புக்கு முன் கணக்கு.

வால்-ஈயின் பட்டை முக்கோண வடிவில் ஓடுகிறது. ஒரே அளவுள்ள மூன்று சக்கரங்களைச் சுற்றும் பட்டையின் நீளம், சக்கர மையங்களுக்கு இடையிலான மூன்று தூரங்களின் கூட்டுத்தொகையோடு ஒரு சக்கரத்தின் முழுச் சுற்றளவைச் சேர்த்தால் வரும். முக்கோணம் எந்த வடிவமானாலும் இது மாறாது. மையத் தூரங்கள் 60, 60, 70 மி.மீ. என்றால் கூட்டுத்தொகை 190. பட்டையின் நடுத்தடிமன் வரை ஆரம் 10.5 மி.மீ. என்றால் சுற்றளவு 66. ஆக 256 மி.மீ. ஒரு கட்டைக்கு 8 மி.மீ. என்று பிரித்தால் சரியாக 32 கட்டைகள். இரண்டு பக்கத்துக்கும் 64. இந்த எண்ணிக்கை முழு எண்ணாக வரும் வரை ஆரத்தையோ மையத் தூரத்தையோ சற்றே மாற்றிக்கொள்ளுங்கள். பட்டை செய்த பிறகு கடைசியில் அரைக்கட்டை மிச்சப்பட்டால் அதை மறைக்க வழியே இல்லை.

64 கட்டைகளை ஒவ்வொன்றாக மடிக்கத் தேவையில்லை. ஏ4 தாளின் நீண்ட பக்கத்தில் நான்கு பகுதிகளாக ஒரு பட்டை வரையுங்கள்: 7.5, 7.5, 7.2, 7 மி.மீ. உள்ளே போகும் பகுதிகள் சற்றுக் குறுகியிருந்தால்தான் சுருட்டி மடிக்கும்போது இடிக்காது. நான்கையும் மடித்து ஒட்டிப் புத்தகத்துக்கு அடியில் வைத்துக் காயவிட்டால் ஒரு மி.மீ. தடிமனில் நீண்ட கம்பி கிடைக்கும். அதை 22 மி.மீ. துண்டுகளாக நறுக்கினால் ஒரு கம்பியிலிருந்து 13 கட்டைகள். ஐந்து கம்பிகள் போதும்.

அடிப்பட்டைக்குத் தாளைவிடப் புத்தகம் கட்டும் காலிகோ துணி நல்லது. எந்த விறைப்பும் இல்லாமல் மூலைகளில் திரும்பும், ஒடியாது. துணியில் 8 மி.மீ. இடைவெளியில் பென்சில் கோடுகள் போட்டு, தட்டையாக மேசையில் வைத்தே கட்டைகளை ஒட்டுங்கள். முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், காய்ந்தபின் இரட்டைப்படைக் கோடுகள். தொடர்ச்சியாக ஒட்டினால் சிறு பிழைகள் கூடிக்கொண்டே போய்க் கடைசிக் கட்டை கோட்டைத் தாண்டிவிடும்; இப்படி ஒட்டினால் ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே இருக்கும். கடைசிக் கட்டையை மட்டும் ஒட்டாமல் வைத்து, பட்டையைச் சக்கரங்களில் சுற்றி, துணியின் இரு முனைகளும் சந்திக்கும் இடத்தின் மேல் அதைப் பாலமாக ஒட்டுங்கள். அந்த இணைப்பு தரையைத் தொடும் பக்கத்தில் வரட்டும்.

கழுத்து சிறியது, ஆனால் கண்களின் முழு எடையும் அதில்தான் தொங்குகிறது. உள்ளே 80 ஜி.எஸ்.எம். தாளைச் சுருட்டிய உறுதியான குழாய், வெளியே 200 ஜி.எஸ்.எம். தோல். தூய காகிதம்தான் வேண்டும் என்று பிடிவாதமில்லையென்றால் குழாய்க்குள் ஒரு கம்பி கொடுங்கள். அதைக் குறை என்று நான் கருதவில்லை. கழுத்தின் அடிப்பகுதியை உடம்பின் மேல்தகட்டில் ஒட்டினால் நாளடைவில் தகடு குழிந்துவிடும். உடம்புக்குள் இறங்கி உள்சட்டத்தில் போய்ச் செருகும்படி நீட்டிவிடுங்கள். தலை முன்னே நீளுவதால் முழு உருவமும் குப்புற விழப் பார்க்கும். உடம்பின் அடித்தளத்தில் பின்பக்கமாக நாலைந்து இரும்பு வாஷர்களை ஒட்டி மறைத்துவிட்டால் போதும்.

உடம்பைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை, பெட்டி உங்களுக்குப் பழக்கமானதுதான். உள்ளே அட்டைத் தடுப்புகளை ஒன்றுக்கொன்று குறுக்காகச் செருகிச் சட்டமாக்குங்கள். இல்லாவிட்டால் மழைக்காலத்தில் தகடுகள் உள்நோக்கிக் குழியும். முன்கதவு திறந்து மூட வேண்டுமென்றால் கீலுக்கும் காலிகோ துணியே கொடுங்கள்; காகித மடிப்பு திரும்பத் திரும்ப ஆட்டினால் அறுந்துவிடும்.

நுணுக்கம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். தகடுகளின் விளிம்புக் கோடுகளையும் திருகாணிகளையும் அச்சில் வரைந்தால், பக்கவாட்டு வெளிச்சம் பட்டதும் பொய் வெளுத்துவிடும். ஒவ்வொரு தகட்டையும் தனியாக வெட்டி, அடித்தோலின் மேல் அரை மி.மீ. இடைவெளி விட்டு ஒட்டுங்கள். கால் மில்லிமீட்டர் உயரம்தான், ஆனால் உண்மையான நிழல் விழும். ஆணித்தலைகளுக்கு, தாளைக் குப்புறப் போட்டுப் பழைய ரப்பர் செருப்பின் மேல் வைத்து, மை தீர்ந்த பேனா முனையால் அழுத்துங்கள். மறுபக்கம் சின்னக் குமிழாக எழும்பும். ஒட்டுவதற்கு முன் செய்யுங்கள், அதற்குப் பிறகு முடியாது. மார்பில் உள்ள சூரிய மின்சக்திக் காட்டியைக் கருப்புப் பள்ளமாகச் செய்து, உள்ளே மஞ்சள் பட்டைகள் ஒட்டி, மேலே ஒளிபுகும் ஷீட்டை மூடியாக வையுங்கள். பெயரெழுத்துகளில் கடைசி எழுத்து சிவப்பு வட்டத்துக்குள் இருக்கும், மறந்துவிடாதீர்கள்.

கைகள் உடம்பின் பக்கவாட்டுப் பள்ளத்தில் முன்னும் பின்னும் நகர்பவை. அந்தப் பள்ளத்தைச் சட்டம் கட்டும்போதே விட்டுவைக்க வேண்டும். விரல்களை மூன்று மூன்றாக, ஒவ்வொன்றையும் ஈரடுக்குத் தாளில் செய்து, முனைகளைச் சற்றே உள்நோக்கி வளைத்தால் ஏதோ ஒன்றைப் பொறுக்கி எடுக்கக் காத்திருக்கும் பாவனை வரும்.

வண்ணத்தில் நான் பெரிதும் அக்கறை காட்டுவேன், ஏனென்றால் பலருடைய உழைப்பு இங்கேதான் வீணாகிறது. உருவம் முழுவதிலும் ஒரே சீராகப் பழுப்புத் தடவிவிட்டு அதைத் துரு என்கிறார்கள். துருவுக்குக் காரணம் உண்டு, இடம் உண்டு. அடிக்கடி உரசும் விளிம்புகளில் மஞ்சள் பூச்சு போயிருக்கும். ஆணித்தலைகளுக்குக் கீழே கறை வடிந்திருக்கும். எதுவும் உரசாத பள்ளங்களிலும் தகட்டின் நடுவிலும் மஞ்சள் மிச்சமிருக்கும். முதலில் எல்லாத் தகட்டுக்கும் மங்கலான மஞ்சள் கொடுங்கள். பிறகு பழுப்பு, செம்பழுப்பு பேஸ்டல் (சுண்ணக்கட்டி போன்ற வண்ணக்) குச்சிகளைச் சுரண்டித் தூளாக்கி, காது குடையும் பஞ்சுக்குச்சியால் விளிம்பிலிருந்து உள்நோக்கித் தேயுங்கள். ஈரமே இல்லாத வேலை என்பதால் தாள் நெளியாது.

இங்கே கதையும் உதவிக்கு வரும். 700 ஆண்டுகள் தனியாக உழைத்த இயந்திரம் அது. செயலிழந்து கிடக்கும் தன் இனத்து ரோபோக்களிடமிருந்து உதிரிப்பாகங்களை எடுத்து மாட்டிக்கொண்டே ஓடுகிறது. படத்தின் தொடக்கத்திலேயே தேய்ந்த சங்கிலிப் பட்டைகளை அப்படித்தான் மாற்றிக்கொள்கிறது. ஆகவே எல்லாப் பாகங்களும் ஒரே வயதில் இருக்கக் கூடாது. உடம்பு துருவேறியிருக்கட்டும், சங்கிலிப் பட்டைகள் அதைவிடப் புதிதாக இருக்கட்டும். ஒரு கண்ணின் கூட்டை மற்றதைவிடச் சற்றே வெளிறிய நிறத்தில் விடுங்கள். படத்தைக் கூர்ந்து பார்த்தவருக்கு அது உடனே புரியும். மற்றவருக்கும் ஏதோ ஒரு காரணம் இருக்கிறது என்று தோன்றும்.

தகடுகளை அச்சிட்டே தீர வேண்டும் என்றால், சாதாரண இங்க்ஜெட் மை பசையின் ஈரத்தில் கரையும் என்பதை நினைவில் வையுங்கள். லேசர் அச்சு கரையாது. ஆனால் மடிப்பில் தூள் உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரியும், அதைக் கலர் பென்சிலால் தொட்டுவிட வேண்டும். இரண்டில் நான் லேசரையே சொல்வேன்.

வேலை முடிந்ததும், கண் வில்லைகளைத் துண்டுத்தாளால் மூடிவிட்டு, மேட் வார்னிஷ் ஸ்பிரேயை ஓரடி தூரத்திலிருந்து இரண்டு மெல்லிய பூச்சாகக் கொடுங்கள். பேஸ்டல் தூள் பிடித்துக்கொள்ளும், ஈரக்காற்றும் அவ்வளவு சீக்கிரம் உள்ளே போகாது. பளபளக்கும் வார்னிஷ் வேண்டாம், துரு பளபளக்காது. ஜன்னல் வெயில் நேராகப் படாத இடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் வையுங்கள். வெள்ளிப்பூச்சிக்குத் தாளும் பசையும் பிடித்த உணவு. அட்டைச் சட்டத்தின் உள்ளே அது குடியேறினால் வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். அதனால் உடம்பின் அடித்தகட்டை மட்டும் ஒட்டாமல் செருகி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கழற்றி உள்ளே பார்த்துவிடலாம், கழுத்து தளர்ந்திருந்தால் அதே வழியாக இறுக்கியும் விடலாம்.